செட்டிநாட்டுப் பழைய வீட்டின் அடுப்படியைப் புதுப்பிக்கும்போது முதலில் யோசிக்க வேண்டியது தண்ணீரை

கேள்வியின் சுருக்கம்: கானாடுகாத்தான் பக்கம் பூர்வீக வீடு. பல வருஷமாகப் பூட்டிக் கிடந்தது. சென்னையில் இருக்கும் ஆத்தா இனி ஊரிலேயே இருக்கப் போவதாகச் சொல்லிவிட்டார். வீட்டின் பின்பகுதியான மூன்றாம் கட்டிலுள்ள அடுப்படியை அவருக்காகச் சரிசெய்ய வேண்டும். காண்ட்ராக்டர் பழைய பூச்சு, தரை, மேடை எல்லாவற்றையும் இடித்தெடுத்து, சிமெண்ட் பூசி, விட்ரிஃபைட் டைல்ஸ் ஒட்டி, மாடுலர் கிச்சன் போட்டுத் தருவதாகச் சொல்கிறார். செய்யலாமா? தரைக்கு ஆத்தங்குடிக் கல் என்னும் கைவேலை டைல்ஸ் சரிவருமா?

இடிக்க வேண்டாம். அடுப்படி இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும். தண்ணீர் வேலையை மட்டும் பின்முற்றத்துப் பக்கம் தள்ளிவிடுங்கள். நீங்கள் கேட்ட மற்றதற்கெல்லாம் பதில் இந்த ஒரு முடிவிலிருந்துதான் வரும். காரைக்குடியைச் சுற்றிப் பழைய வீடுகளைப் பழுதுபார்க்கும் தொழிலில் இருக்கிறேன். நல்ல வீடுகள் அடுப்படிப் பக்கத்திலிருந்து கெட்டுப்போவதைத்தான் அதிகம் பார்க்கிறேன். காரணம் கிட்டத்தட்ட எப்போதும் ஒன்றுதான்.

இந்த வீடுகளில் பெரும்பாலானவை 1850க்கும் 1940க்கும் இடையில் எழும்பியவை. முகப்பு, வளவு (நடு முற்றமும் அதைச் சுற்றிய அறைகளும்), இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு என்று ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். அடுப்படி கடைசியில் இருக்கும். அந்த அறைக்குள் குழாயும் கிடையாது, தொட்டியும் கிடையாது. தண்ணீர் குடத்தில் வரும். அரிசி களைவது, மீன் அலசுவது, பாத்திரம் விளக்குவது எல்லாம் வெளியே முற்றத்திலும் கிணற்றடியிலும் நடக்கும். அறைக்குள் நெருப்பு மட்டும்தான். சுவர் சுண்ணாம்புக் காரையில் கட்டியது. அஸ்திவாரத்தில் இன்று நாம் போடுகிற மாதிரி ஈரத்தடுப்பு எதுவும் இருக்காது. தரையிலிருந்து ஓதம் ஏறத்தான் செய்யும். ஏறிய ஓதம் சுண்ணாம்புப் பூச்சு வழியாகக் காற்றில் காய்ந்து போய்விடும். விறகடுப்பின் சூடு வேறு தினமும் சுவரை உலர்த்திக்கொண்டே இருந்தது. இன்றைக்கு விறகும் போய்விட்டது, சூடும் போய்விட்டது. அதற்குப் பதிலாக சிங்க், ஆர்.ஓ. மெஷின், அதன் கழிவுக் குழாய் என்று தண்ணீர் மொத்தமும் உள்ளே வந்துவிட்டது. நெருப்புக்கென்று கட்டிய அறையைத் தண்ணீருக்கான அறையாக மாற்றும்போதுதான் சிக்கல் எல்லாம் தொடங்குகிறது.

எந்த அறையை எடுத்துக்கொள்வது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். நகரத்தார் வீடுகளில் கல்யாணமான மகனை வேறு வைக்கும் வழக்கம் உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். ஒரே கூரைக்குக் கீழே இருந்தாலும் ஒவ்வொரு புள்ளிக்கும், அதாவது கல்யாணமான ஒவ்வொரு தம்பதிக்கும், உலை தனி. அதனால் பின்கட்டுகளில் சமைப்பதற்கென்றே ஒன்றுக்கு மேற்பட்ட அறைகள் இருக்கும். உங்கள் பங்குக்கு வரும் அறைகளில் ஒரு சுவராவது முற்றத்தையோ வெளிப்புறத்தையோ பார்த்திருக்கும் அறையைத் தேர்ந்தெடுங்கள். ஆத்தா படுக்கும் அறையிலிருந்து நடை தூரம் குறைவாக இருப்பதும் முக்கியம். அறை பங்காளிகளுக்குப் பொதுவானது என்றால், கொத்தனார் சுத்தியலை எடுப்பதற்கு முன்பு எல்லோரிடமும் எழுத்தில் சம்மதம் வாங்கிவிடுங்கள். வாயால் சொன்ன சம்மதம் அடுத்த படைப்பு (முன்னோர் வழிபாடு) வரைக்கும்கூடத் தாங்காது.

இனி சிங்க். பாத்திரம் விளக்கும் பெரிய தொட்டியை முற்றத்தை ஒட்டிய தாழ்வாரத்தில், அடுப்படிக் கதவுக்குப் பக்கத்திலேயே வையுங்கள். மேலே கூரை இருக்கிறது, வெளிச்சம் இருக்கிறது, சிந்துகிற தண்ணீர் முற்றத்துக்குப் போய்விடும். அடுப்படிக்குள் காய் அலசவும் கை கழுவவும் சின்ன சிங்க் ஒன்று போதும். அதையும் முற்றத்தைப் பார்த்த சுவரில்தான் பொருத்த வேண்டும். காண்ட்ராக்டர் படத்தில் அழகாக இருக்கிறது என்று உள்சுவர்ப் பக்கம் வைத்தால் கழிவுக் குழாய்க்காகத் தரையைக் குறுக்கே வெட்டுவார். அந்தக் குழாய் ஒருநாள் கசியும். கசிவது தரைக்கடியில் இருப்பதால் சுவர் ஊறின பிறகுதான் உங்களுக்குத் தெரியவரும். வெளிச்சுவரில் வைத்தால் குழாய் சுவரைத் தாண்டி நேரே வெளியே வந்துவிடும், கசிந்தாலும் கண்ணுக்குத் தெரியும். சுவர் ஒன்றரை அடிக்குக் குறையாத கனம் இருக்கும் என்பதால், துளையில் முதலில் ஒரு பெரிய குழாயை உறையாகச் செருகி அதற்குள் கழிவுக் குழாயை விடச் சொல்லுங்கள். நாளைக்குக் குழாயை மாற்ற நேர்ந்தால் சுவரைத் தொட வேண்டியிருக்காது.

கழிவுக் குழாய்க்கு வாட்டம், அதாவது சரிவு, அடிக்குக் கால் அங்குலம். பத்தடி ஓட்டத்துக்கு இரண்டரை அங்குலம் இறங்க வேண்டும். வீட்டுத் தரை முற்றத்தைவிட உயரத்தில் இருப்பதால் இந்த வாட்டம் உங்களுக்குச் சுலபமாகக் கிடைக்கும். ஒரு விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். முற்றத்து மழைநீர் போகும் பழைய தாரையில் அடுப்படிக் கழிவைச் சேர்க்கக் கூடாது. ஓட்டிலிருந்து முற்றத்தில் விழும் தண்ணீரைக் கிணற்றுக்கும் ஊரணிக்கும் கொண்டுபோகும்படிதான் இந்த ஊர்களில் வழி அமைத்திருக்கிறார்கள். மழை குறைந்த செம்மண் பூமியில் அது பெரிய காரியம். எண்ணெய்ப் பிசுக்கும் சோப்பும் அதில் கலந்தால் உங்கள் கிணறும் கெடும், ஊர்த் தண்ணீரும் கெடும். அடுப்படிக் கழிவுக்குத் தனிக் குழாய் போட்டு, எண்ணெய் தங்க ஒரு சின்னத் தொட்டி கட்டி, அங்கிருந்து உறிஞ்சுகுழிக்கோ வாழைப் பாத்திக்கோ விடுங்கள். உறிஞ்சுகுழி கிணற்றிலிருந்து 50 அடியாவது தள்ளி இருக்கட்டும்.

தண்ணீர்த் தொட்டியை மட்டப்பாவில், அதாவது மொட்டை மாடியில், ஏற்ற வேண்டாம். தேக்குக் கட்டைகளின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் சேர்த்துப் போட்ட மாடி அது. 1,000 லிட்டர் தண்ணீர் என்றால் 1 டன் எடை, அதுவும் நாலடி இடத்துக்குள். கட்டையின் நுனி சுவருக்குள் உளுத்திருந்தால் வெளியிலிருந்து பார்க்கிறவருக்குத் தெரியாது. கிணற்றடிப் பக்கம் இரும்பில் தனி ஸ்டாண்ட் அடித்து அதன் மேல் வையுங்கள்.

சுவருக்கு வருவோம். உங்கள் காண்ட்ராக்டர் பழைய பூச்சை முழுவதும் கொத்தி எடுக்கச் சொல்வதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். விரல் முட்டியால் சுவரைத் தட்டிக்கொண்டே போங்கள். கெட்டியாகச் சத்தம் வந்தால் பூச்சு சுவரோடு ஒட்டியிருக்கிறது. ‘டொப்’பென்று பொள்ளலாகக் கேட்டால் விட்டுவிட்டது. பொள்ளல் கேட்கும் இடத்தைச் சாக்பீஸால் வட்டமிடுங்கள். சுவர் முழுக்கத் தட்டி முடித்த பிறகு பார்த்தால், பெரும்பாலும் தரையை ஒட்டிய மூன்றடியிலும் கூரை ஒழுகிய மூலையிலும்தான் வட்டங்கள் இருக்கும். அதை மட்டும் எடுத்தால் போதும்.

எடுத்த இடத்தில் சிமெண்ட் பூசினால் என்ன ஆகும் என்பதை ஊரில் எத்தனையோ வீடுகளில் பார்க்கலாம். இடுப்பளவுக்குச் சிமெண்ட் பூசியிருப்பார்கள். ஒன்றிரண்டு மழைக்காலம் கழித்துப் பார்த்தால் சிமெண்ட் அப்படியே இருக்கும். அது முடிகிற கோட்டுக்குச் சற்று மேலே பழைய சுண்ணாம்பு வெள்ளையாக உப்புப் பூத்து, தொட்டால் மாவாக உதிரும். ஓதம் நின்றுபோகவில்லை. வெளியேற வழியில்லாமல் மேலே ஏறியிருக்கிறது. உள்ளே செங்கல்லும் காரையும் ஊறிக்கொண்டே இருக்கும். பிளாஸ்டிக் எமல்ஷன், எனாமல் பெயிண்ட் எல்லாமும் இதே வேலையைத்தான் செய்யும். சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்புதான் சேரும். நீற்றிய சுண்ணாம்பைத் தண்ணீரில் சில வாரமாவது ஊறவிட்டு, மணலும் செங்கல் பொடியும் சேர்த்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் விட்டு அரைத்துப் பூச வேண்டும். மெல்லிசாக, ஒன்றின் மேல் ஒன்றாக, ஒவ்வொரு பூச்சும் இறுகின பிறகு அடுத்தது. வெயில் காலத்தில் ஈரச் சாக்கு கட்டித் தொங்கவிட வேண்டும், இல்லையென்றால் வெடிப்பு விடும்.

முட்டை வெள்ளைக்கரு சேர்த்து, கல்லால் தேய்த்துப் பளிங்கு மாதிரி பளபளக்க வைக்கும் அந்தச் செட்டிநாட்டுப் பூச்சு அடுப்படிக்கு வேண்டுமா என்று கேட்டால், வேண்டாம் என்பேன். வளவிலும் முன்பக்கக் கூடமான பட்டாலையிலும் பழைய பளபளப்பு மிஞ்சியிருந்தால் அதைக் கண்ணாகக் காப்பாற்றுங்கள், பணத்தை அங்கே செலவழியுங்கள். அடுப்படிக்குச் சாதாரணச் சுண்ணாம்புப் பூச்சும் வருஷம் ஒருமுறை வெள்ளையடிப்பதும் போதும்.

கரி பிடித்த இடம் தனிக் கதை. அப்பத்தா காலத்திலிருந்து விறகு எரிந்த சுவர் அது. கரியின் மேல் நேரே வெள்ளையடித்தால், எத்தனை கை அடித்தாலும் பழுப்புக் கறை மேலே ஊறி வந்துகொண்டே இருக்கும். கம்பி பிரஷ்ஷால் சுரண்டி, சலவைச் சோடா கரைத்த தண்ணீரில் தேய்த்துக் கழுவி, நன்றாகக் காயவிட்டுப் பாருங்கள். எண்ணெய்ப் பிசுக்கு பூச்சுக்குள்ளேயே இறங்கியிருந்தால் அந்தப் பகுதியை மட்டும் கொத்திவிட்டுப் புதிதாகப் பூசுவதைத் தவிர வழியில்லை. அடுப்புக்குப் பின்னாலும் சிங்குக்குப் பின்னாலும் மேடைக்கு மேல் இரண்டடி உயரத்துக்குக் கிரானைட்டோ மெருகுள்ள டைல்ஸோ ஒட்டிக்கொள்ளலாம். அவ்வளவு இடம் அடைபட்டால் சுவர் தாங்கும். தரையிலிருந்து கூரைவரை ஒட்டிவிடாதீர்கள்.

பழைய விறகடுப்பையும் அதற்கு மேலிருக்கும் புகைபோக்கியையும் காண்ட்ராக்டர் இடிக்கச் சொல்வார். புகைபோக்கியை அடைக்கவே கூடாது. தாளிப்பும் வறுவலுமாக நம் சமையல் எழுப்புகிற கமறல், சூடான காற்றோடு தானாக மேலேறிப் போக ஏற்கனவே அங்கே ஒரு வழி இருக்கிறது. பறவைக் கூட்டையும் குப்பையையும் எடுத்துவிட்டு, மழை இறங்காதபடி மேலே மூடி போட்டு, ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் பொருத்துங்கள். மின்சாரச் சிம்னி வேண்டுமென்றால் அதன் குழாய் 6 அங்குல அகலம் குறையாமல், வளைவு முடிந்த அளவு இல்லாமல் வெளியே போக வேண்டும். கூரை ஓட்டுக் கூரையாக இருந்தால் இன்னொன்றையும் பாருங்கள். விறகுப் புகை இருந்தவரை கைமரங்களைப் பூச்சி அவ்வளவாக அண்டியிருக்காது. பூட்டிக் கிடந்த வருஷங்களில் கரையான் வந்திருக்கலாம். திருப்புளியின் முனையால் ஒவ்வொரு மரத்தின் நுனியையும் குத்திப் பார்க்கச் சொல்லுங்கள்.

காஸ் விஷயத்தில் பழைய வீட்டுக்கென்றே ஓர் ஆபத்து உண்டு, இதைப் பலரும் யோசிப்பதில்லை. சமையல் காஸ் காற்றைவிடக் கனம். கசிந்தால் தரையோடு படியும். இந்த அறைகளில் நிலைப்படி உயரமாக இருக்கும், ஜன்னல் மேலே இருக்கும். நாலு பக்கமும் வரம்பு கட்டிய மாதிரி ஆகிவிடுவதால், கசிந்த காஸ் போக வழியில்லாமல் தரையிலேயே தேங்கும். மேலே எத்தனை ஜன்னல் திறந்திருந்தாலும் பிரயோசனமில்லை. வெளிச்சுவரில் தரைமட்டத்தில் ஒரு ஜாலித் துவாரம் கட்டாயம் வேண்டும். எலி வராமல் கம்பிவலை அடித்துக்கொள்ளலாம், அடைக்க மட்டும் கூடாது. சிலிண்டரைக் கதவு போட்ட அலமாரிக்குள் மூடி வைக்க வேண்டாம். வெளியே தாழ்வாரத்தில் வைப்பதானால் ஏஜென்சி மெக்கானிக்கை வைத்துச் செம்புக் குழாய் இழுங்கள். ரப்பர் குழாயைச் சுவருக்குள் விடக் கூடாது, 5 வருஷத்துக்கு ஒருமுறை அதை மாற்றவும் வேண்டும்.

அந்த நிலைப்படி ஆத்தாவுக்கும் தடைதான். அதற்காக அறுத்துவிடாதீர்கள், நிலையே அதன் மேல்தான் நிற்கிறது. உள்ளும் புறமும் பாதி உயரத்துக்கு ஒரு கல்படி வைத்து, கைப்பிடிக்க நிலையோரம் ஒரு பித்தளைக் கம்பி போட்டுவிட்டால் தாண்டுவது சுலபம். ஜாலித் துவாரத்தை மட்டும் அந்தக் கல் மறைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மேடை உயரத்தைக் காண்ட்ராக்டர் கணக்குக்கு விட வேண்டாம். ஆத்தா செருப்பில்லாமல் நின்று முழங்கையை மடக்கட்டும். தரையிலிருந்து முழங்கைக்கு எத்தனை அங்குலமோ அதில் 4 குறைத்தால் அதுதான் அவருக்கான உயரம். பெரும்பாலும் கடைக்காரர் போடுகிற உயரத்தைவிடக் குறைவாகத்தான் வரும். உட்கார்ந்து காய் நறுக்க ஒரு மேசையும் நாற்காலியும் கட்டாயம் இருக்கட்டும். அம்மியும் ஆட்டுக்கல்லும் இருந்த இடத்திலேயே இருக்கட்டும், பெயர்த்தால் தரையும் சேர்ந்து பெயரும். மேடைக்கு மேல் கிரானைட் போடுங்கள். கடப்பாக்கல் சுண்ணாம்புக்கல் வகை என்பதால் புளியும் எலுமிச்சையும் பட்ட இடம் மங்கிவிடும். மேடைக்குக் கீழே தட்டுகளுக்குக் கடப்பா அருமையான கல்.

அதே புளிதான் ஆத்தங்குடிக் கல்லுக்கும் எதிரி. அது சுட்ட டைல்ஸ் இல்லை. கண்ணாடித் தகட்டின் மேல் அச்சு வைத்து, வண்ணம் கலந்த சிமெண்ட் குழம்பைக் கையால் ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் போட்டு அழுத்தி, தண்ணீரில் ஊறவைத்து எடுக்கிறார்கள். அந்தப் பளபளப்பு கண்ணாடி கொடுத்தது. மேலே மெருகுப் பூச்சு எதுவும் இல்லாததால் எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விழுந்து கிடந்தாலும் அந்த இடம் சொரசொரப்பாகிவிடும். மஞ்சளும் எண்ணெயும் உள்ளே இறங்கும். அதனால் மேடைக்கும் சுவருக்கும் வேண்டாம். தரைக்குத் தாராளமாகப் போடலாம், வெறுங்காலுக்குக் குளிர்ச்சியாக இருக்கும். அடுப்புக்கும் சிங்குக்கும் முன்னால் மட்டும் இரண்டடி அகலத்துக்குச் சொரசொரப்பான கருங்கல் பதித்துவிடுங்கள். சிந்துவதெல்லாம் அங்கேதான், ஆத்தா வழுக்கி விழுகிற பயமும் இருக்காது. ஆசிட் கலந்த கிளீனர் எதையும் அந்தத் தரையில் ஊற்றக் கூடாது. வெறும் தண்ணீரில் துடைத்து, எப்போதாவது துணியில் துளித் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தால் வருஷம் போகப் போக மெருகேறும். பழைய கல் நன்றாக இருந்தால் அதையே கழுவி வைத்துக்கொள்ளுங்கள். உடைந்த சிலவற்றுக்கு அதே அச்சில் ஆத்தங்குடியில் கேட்டுப் பார்க்கலாம்.

மின்சாரத்தில் பழைய மரப்பட்டை வயரிங் எதையும் நம்ப வேண்டாம். அடுப்படிக்கு மீட்டர் போர்டிலிருந்தே தனி லைன் இழுங்கள். 2,000 வாட் இண்டக்ஷன் ஒன்றே கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். பவர் பிளக்குகளுக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், விளக்குக்கு 1.5, புது எர்த் குழி, மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி. இந்தக் கடைசியை விட்டுவிடாதீர்கள், ஈரக் கையால் மிக்ஸியைத் தொடுகிற அறை இது. வயருக்காகச் சுண்ணாம்புச் சுவரைக் கீறாமல் குழாயை மேலோட்டமாக ஓட்டச் சொல்லுங்கள்.

மாடுலர் கிச்சன் பெட்டிகளைச் சுவரில் தொங்கவிடும் யோசனையைக் கைவிடுங்கள். சுண்ணாம்புக் காரையில் ஆங்கர் போல்ட் பிடிக்காது. அரிசியும் பருப்பும் ஏற்றினால் காரையோடு பெயர்ந்து வரும். மரத்தூள் பலகையில் செய்த பெட்டி ஓதத்தில் உப்பிப் போகும். தரையில் நிற்கிற மர அலமாரி, சுவரிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி, காலில் நிற்கும்படி செய்யுங்கள். பின்னால் காற்று ஓடும். சுவரில் இருக்கிற மாடங்களையும் பரணையும் சுத்தம் செய்தாலே பாதிச் சாமான் அடங்கிவிடும். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகளில் இடித்த வீடுகளின் தேக்கு அலமாரிகள் கிடைக்கும். வாங்கும்போது அடிப்பலகையைப் புரட்டி உளு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

வேலையைத் தை மாதத்தில் தொடங்கினால் ஐப்பசி மழைக்கு முன் நிதானமாக முடிக்கலாம். முதலில் கூரை, பிறகு கழிவுக் குழாய், அப்புறம் சுவர், வயரிங், தரை, கடைசியாக மேடை. வரிசையை மாற்ற வேண்டாம். கூரை ஒழுகும்போது கீழே பூசுகிற பூச்சு எல்லாம் வீண். காரைக்குடி பங்களா, கானாடுகாத்தான் விசாலம், கோத்தமங்கலம் சாரதா விலாஸ் ஆகியவை பழைய கட்டடங்களில் நடக்கும் விடுதிகள். ஒருமுறை போய்ப் பாருங்கள், குழாயும் வயரும் எப்படிப் போயிருக்கின்றன என்று கேளுங்கள்.

காண்ட்ராக்டரையே வைத்துக்கொள்வதானாலும், சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரைத் தனியாகப் பேசுங்கள். முன்பு பூசிய ஒரு சுவரைக் காட்டச் சொல்லி, மழைக்காலத்தைத் தாண்டிய சுவரா என்று விசாரியுங்கள். ஒப்பந்தத்தில் ‘பூச்சு’ என்று மட்டும் இருந்தால் சிமெண்ட்தான் வந்து இறங்கும். ‘சுண்ணாம்புப் பூச்சு, சிமெண்ட் கலக்காமல்’ என்று எழுதி வாங்கிக்கொண்டு முன்பணம் கொடுங்கள்.